வண்ணத்துக்கு ஒரு சுவர் வேண்டும்

ஆளையோ பொருளையோ காட்டாமல் வண்ணத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்து வரையும் அரூப ஓவியத்தின் முன்னால் நிற்பவர் முதலில் கேட்பது "இது என்ன?" என்றுதான். நியாயமான கேள்வி. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓவியம் என்று நாம் பார்த்து வளர்ந்தவை காலண்டர் சாமிப் படங்கள், கோயில் பிரகாரத்துச் சுதைக்கு மேல் பூசிய வண்ணங்கள், தேவாலயச் சுவரில் இருக்கும் புனிதர்கள், தேர்தல் காலத்துச் சுவர் விளம்பரங்கள். எல்லாவற்றிலும் ஆள் உண்டு, ஆளுக்குப் பெயர் உண்டு. ஐந்தடி கேன்வாஸில் சிவப்பும் மஞ்சளும் கருநீலமும் மட்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றால், எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது என்று தெரிவதில்லை. பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். "நம்ம ஊர் ஆளுங்களுக்கு மாடர்ன் ஆர்ட் ரசனை கிடையாது" என்று ஓவியர்களில் சிலரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நம் மாவட்டத்துத் தோவாளைக்குப் போய் மாணிக்க மாலை கட்டுவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. இந்த மூன்றையும் மடித்து மடித்து, பாய் முடைவதைப்போலத் தட்டையாகக் கட்டிக்கொண்டே போவார்கள். கட்டி முடித்ததும் பூவின் உருவமே மறைந்து, சின்னச் சின்னக் கட்டங்களாக வண்ணம் மட்டும் நிற்கும். மாணிக்கக் கற்களைப் பதித்ததுபோல இருப்பதால்தான் அந்தப் பெயர். 2025இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மாலையைப் பார்த்து இதுவரை யாரும் "இது என்ன?" என்று கேட்டதில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு எவ்வளவு இடைவெளியில் வரவேண்டும், பச்சை எங்கே வந்து கண்ணை ஆற்றவேண்டும் என்பதெல்லாம் கட்டுபவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். உருவம் இல்லாத வண்ணத்தை ரசிக்கும் கண் இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்தக் கண்ணும் கேன்வாஸும் திரும்பத் திரும்பச் சந்திக்க ஓர் இடம்தான் அமையவில்லை. அரூப ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது அதை மாட்டிவைக்கும் கேலரியைப் பற்றியும் சேர்த்தே பேசவேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

முதலில் ஓவியம். அச்சுதன் கூடலூரை எடுத்துக்கொள்வோம். 1945இல் பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைக் கரையில் இருக்கும் கூடலூரில் பிறந்தார். மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் ஊரும் அதுதான். படித்தது சிவில் எஞ்சினியரிங், வேலை பார்த்தது சென்னையில் பொதுப்பணித் துறையில். கலைக் கல்லூரியில் சேர்ந்து முறையாகப் படித்தவர் இல்லை. அலுவலகம் முடிந்த மாலைகளில், சென்னைக் கலைக் கல்லூரி வளாகத்தில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போய் வரையக் கற்றுக்கொண்டார். உருவங்களில் தொடங்கி, மெல்ல மெல்ல உருவத்தை விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டார். 1988இல் லலித் கலா அகாடமியின் தேசிய விருது பெற்றார். 2022 ஜூலையில் சென்னையில் காலமானார்.

அவருடைய ஓவியங்களில் முதலில் தாக்குவது பெரும்பாலும் சிவப்பு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அது ஒரே சிவப்பு இல்லை என்பது தெரியவரும். அடியில் ஒரு மஞ்சள் பூசி அது காய்ந்த பிறகு மேலே சிவப்பைப் போட்டால் உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோலத் தோன்றும். அதே சிவப்பைக் கறுப்பின் மேல் போட்டால் கனத்து அடங்கிவிடும். பக்கத்தில் பச்சை வந்தால் சிவப்பு துள்ளும். ஆரஞ்சு வந்தால் அதனோடு சேர்ந்து உருகும். நீலம் கண்ணுக்குப் பின்வாங்குவதுபோலவும் சிவப்பு முன்னால் வருவதுபோலவும் தெரிவதால், தட்டையான துணியிலேயே ஓர் ஆழம் உண்டாகிறது. உருவம் வரையும் ஓவியர்களும் இதையெல்லாம் செய்கிறார்கள்தான். ஆனால் அங்கே முகம் ஒன்று இருந்தால் நம் கண் நேராக முகத்துக்குப் போய்விடுகிறது. அரூப ஓவியர் அந்த முகத்தை எடுத்துவிட்டு, மற்றவற்றை நம்மைப் பார்க்க வைக்கிறார்.

இப்படிப்பட்ட ஓவியத்தை எங்கே நின்று பார்ப்பது என்பதும் முக்கியம். பத்தடி தள்ளி நின்றால் மொத்தத்தின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். பிறகு கிட்டே போகவேண்டும். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறதா, ஈரத்தில் கலந்து மங்கியிருக்கிறதா, வண்ணம் பூசவும் வழிக்கவும் உதவும் பேலட் கத்தி சுரண்டிய இடத்தில் பழைய வண்ணம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனிக்கவேண்டும். ஓவியர் எங்கே தயங்கினார், எங்கே துணிந்தார் என்பது அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. கைப்பேசித் திரையில் இவை எதுவும் தெரியாது. ஐந்தடி ஓவியம் அங்கே ஐந்து அங்குலமாகச் சுருங்கி, சுவர் ஓடு விளம்பரம்போல ஆகிவிடுகிறது. உருவ ஓவியம் இந்தச் சுருக்கத்தை ஓரளவு தாங்கும். அரூப ஓவியம் தாங்காது.

பொருளிலும் நம் மாவட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. அரூப ஓவியர் அதிகம் செலவழிக்கும் சாயம் பல நேரங்களில் வெள்ளை. சிவப்பை ரோஜா நிறமாக்க, நீலத்தை வானமாக்க, ஓவியத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பழைய காலத்து ஈய வெள்ளை நஞ்சு. துத்தநாக வெள்ளை காய்ந்தபின் எளிதில் விரிசல் விடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டைட்டானியம் வெள்ளை வந்து இந்த இரண்டையும் பெருமளவுக்கு ஓரங்கட்டியது. டைட்டானியத்துக்கான முக்கியமான தாது இல்மனைட். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காலில் ஒட்டும் கருமணலில் இருப்பது அதுதான். இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கின்றன. இரும்பைப் பிரித்துச் சுத்திகரித்தால் கறுப்பு மணலிலிருந்து டைட்டானியம் டையாக்சைடு என்ற கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தூள் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி வீட்டுப் பெயின்ட், பிளாஸ்டிக், காகிதம் ஆகியவற்றுக்குப் போகிறது. ஓவியரின் டியூபுக்குப் போவது துளிதான். ஆனாலும் அந்தத் துளி இல்லாமல் இன்றைய வண்ண ஓவியம் இல்லை.

இந்த மணலின் கதை 1909இல் தொடங்குகிறது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிறில் ஒட்டிக்கொண்டு வந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துக் கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேன்டிலுக்கு மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்டது. சீக்கிரமே மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. இன்று அங்கே ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. மணல் எடுப்பதால் கரை அரிக்கிறது, கதிரியக்கத்தால் உடல்நலம் கெடுகிறது என்ற அச்சத்தோடு கரையோர மக்கள் நீண்டகாலமாக எதிர்த்துவருகிறார்கள். அந்த அச்சத்தைத் தள்ளிவைத்துவிட்டு வெள்ளையின் அழகைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கறுப்பு, சிவப்பு, வெள்ளை மணலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்கிப் போவார்கள். அந்தச் சிவப்பு கார்னெட், அந்தக் கறுப்பு இல்மனைட். ஓவியர் வண்ணம் கலக்கும் பேலட் தட்டு ஒன்றையே கரை நமக்குத் தந்திருக்கிறது.

மணலையே ஓவியத்தின் பொருளாக எடுத்துக்கொண்ட ஒருவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். வேலு விஸ்வநாதன் 1940இல் கொல்லம் அருகே கடவூரில் பிறந்தார். அன்று அதுவும் நாகர்கோவிலும் ஒரே சமஸ்தானம். சென்னை கலைக் கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்து, 1960களின் இறுதியில் பாரிசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். முக்கோணமும் சதுரமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, ஆழ்ந்த வண்ணங்களில் நிற்பவை அவர் ஓவியங்கள். 1976இல் இந்தியக் கரையோரம் நெடுகப் பயணம் செய்து மணல் சேகரித்தார். ஐம்பூதங்களைப் பற்றி அவர் எடுத்த திரைப்படங்களில் முதலாவது மணலைப் பற்றியது. பாரிசில் அவருக்கு ஒரு சுவர் கிடைத்தது. தார்த்தியா ஸ்பேயர் என்ற பெண்மணி 1968இல் தொடங்கிய கேலரி அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது.

கேலரி என்றால் படம் மாட்டும் கடை என்று நினைத்துக்கொள்கிறோம். கடைக்காரர் வாங்கி விற்பார். கேலரி பெரும்பாலும் ஓவியத்தை விலைக்கு வாங்குவதில்லை. ஓவியரிடமிருந்து பொறுப்பாகப் பெற்றுக்கொண்டு, விற்றபின் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பொதுவாக விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. இதைக் கேட்டதும் "பாதியா!" என்று அதிர்ச்சி வரும். அந்தப் பாதிக்குக் கேலரி செய்யவேண்டிய வேலை நிறைய. இடத்துக்கு வாடகை, விளக்கு, காப்பீடு, கேட்லாக் அச்சிடுவது, எழுதுபவர்களையும் வாங்குபவர்களையும் வரவழைப்பது, எந்த ஓவியம் எந்த ஆண்டு யாரிடம் போனது என்று பதிவு வைத்திருப்பது. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு போலி சந்தைக்கு வந்தால் அந்தப் பதிவுதான் காப்பாற்றும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பொறுமை என்பேன். அரூப ஓவியத்தில் ஒரே ஓவியத்தைப் பார்த்து அந்த ஓவியரைப் புரிந்துகொள்வது கடினம். பத்து ஓவியங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவர் எதைத் தேடுகிறார் என்பது பிடிபடும். இரண்டு வருடம் கழித்து அடுத்த பத்தைப் பார்த்தால் அந்தத் தேடல் எங்கே நகர்ந்திருக்கிறது என்பது தெரியும். ஓவியருக்கும் இது வேண்டும். எதுவுமே விற்காத முதல் கண்காட்சிக்குப் பிறகும் "அடுத்ததற்கு எப்போது தயாராவீர்கள்?" என்று கேட்க ஒருவர் இருந்தால்தான் அவர் தன் வழியில் தொடர்ந்து போவார். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் பிள்ளையார் படத்துக்கும் அரூப நிலக்காட்சிக்கும் நடுவில் ஏதோ ஒன்றை, வீட்டு வரவேற்பறை சோபாவின் நிறத்துக்குத் தோதாக, வரைய ஆரம்பித்துவிடுவார். வயிறு இருக்கிறதே. அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது.

அரூப ஓவியர் வி.எஸ். கைதோண்டேயின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். 1924இல் நாக்பூரில் பிறந்து மும்பையில் படித்தவர். ரோலராலும் பேலட் கத்தியாலும் வண்ணத்தைப் படலம் படலமாகப் பரப்பி, எடுத்து, மறுபடி பரப்பி வரைவார். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஓவியங்கள்தான் முடிப்பார். இப்படி வேலை செய்பவரைத் தாங்குவது எந்த வியாபாரிக்கும் லாபமான காரியமில்லை. பால் சாப்டா என்ற ஓவியர் 1959இல் மும்பையில் 'கேலரி 59' தொடங்கினார். 1963இல் காலி புண்டோல் தன் கேலரியைத் திறந்தார். கைதோண்டேயின் தலைமுறைக்குச் சுவர் கொடுத்தவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். கைதோண்டே 2001இல் இறந்தபோது அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் இந்தியாவில் நடத்திய முதல் ஏலத்தில் அவருடைய ஓவியம் 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. 2025 செப்டம்பரில் இன்னொன்று 67 கோடியைத் தாண்டியது.

இந்தக் கோடிகளைக் கேட்டு ஓவியர்கள் எல்லாம் செல்வந்தர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. ஏலத்தில் விற்பவர், முன்பே அந்த ஓவியத்தை வாங்கி வைத்திருந்தவர். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு பெறும் உரிமை உண்டு. நடைமுறையில் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகிறது. இளம் ஓவியர்கள் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று: தானாக வரைந்த ஓவியத்தை விற்றால் போவது அந்தக் கேன்வாஸ் மட்டும்தான். அதை அச்சிட்டுக் காலண்டரும் கோப்பையும் போடும் உரிமை, எழுதிக்கொடுக்காதவரை, ஓவியரிடமே இருக்கும். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், உரிமை வரையச் சொன்னவருக்குப் போய்விடும். நல்ல கேலரி இந்த வித்தியாசத்தை ஓவியருக்கு எடுத்துச் சொல்லும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓவியத்துக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் வாங்குபவர்களுக்குச் சாதகமான செய்தி.

சரி, நம் மாவட்டத்தில் இந்தச் சுவர் ஏன் அமையவில்லை? காரணம் வரைபடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். திருவிதாங்கூர் காலத்தில் இங்கே ஓவியத்துக்கு அரண்மனையும் கோயிலும் சுவர் கொடுத்தன. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மேல்தளச் சுவர்கள் முழுக்க ஓவியங்கள். கேரளச் சுவரோவிய மரபில் அடிப்படை நிறங்கள் ஐந்துதான்: சுண்ணாம்பின் வெள்ளை, காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும், அவுரியைச் சேர்த்து உண்டாக்கிய பச்சை, விளக்குக் கரியின் கறுப்பு. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடாமல் நிரப்பியிருக்கிறார்கள். உருவங்களை ஒரு நிமிடம் மறந்துவிட்டு அந்த நிரப்பலை மட்டும் பார்த்தால், அரூப ஓவியருக்கு அதில் பெரிய பாடம் இருக்கிறது. பின்னாளில் ரவிவர்மாவை வளர்த்ததும் இந்தச் சமஸ்தானம்தான். 1935இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் திறந்தது. அங்கே கலைப் பள்ளி அதற்கு முன்பே இருந்தது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. மொழிக்காக நடந்த போராட்டத்தின் நியாயமான முடிவு அது. அதே நாளில் ஓவியக்கூடமும் கலைப் பள்ளியும் அருங்காட்சியகமும் எல்லைக்கு அந்தப் பக்கம் போயின. நம் மண்ணில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையே இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நமக்குக் கிடைத்த கலைக் கல்லூரி 1850இல் தொடங்கிய சென்னைப் பள்ளி. அது நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர். வரையும் ஆசையுள்ள பிள்ளை சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ படிக்கப் போனது. படித்ததும் சுவர் இருக்கிற ஊரிலேயே தங்கிவிட்டது. பக்கத்துத் திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், உதவித்தொகையும் அகாடமிக் கண்காட்சியும் வேறு மாநிலத்துக்கு உரியவை ஆகிவிட்டன. ஊருக்குத் திரும்பியவர்களில் பலர் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர்களாக இருக்கிறார்கள். மாணவர்களுக்கு அவர்கள் செய்வது பெரிய காரியம். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் அரூப ஓவியங்கள் வீட்டு மச்சில், பெட்ஷீட் சுற்றிய நிலையில் இருக்கின்றன.

மச்சில் ஓவியம் வைப்பது இந்த ஊரில் ஆபத்தும்கூட. தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரக்காற்றில் கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று சட்டத்து ஆணியைத் துருவாக்கி, அந்தத் துரு துணியில் இறங்கும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. தடிமனாகப் பூசினால் உள்ளே இறுக மாதக்கணக்கில் ஆகும். அவசரத்தில், காயாத அடுக்கின் மேல் சீக்கிரம் காயும் அடுக்கைப் போட்டால் பிற்பாடு வெடிக்கும். நீர் ஆவியானதும் காய்ந்துவிடும் அக்ரிலிக்குக்கு இங்குள்ள பல ஓவியர்கள் மாறியிருப்பதில் செலவைப் போலவே இந்த வானிலைக்கும் பங்கு இருக்கிறது.

சுவர் தானாக வராவிட்டால் ஓவியர்களே கட்டிக்கொள்ளலாம். கைக்கெட்டும் முன்மாதிரி சென்னையை ஒட்டிய சோழமண்டலம் கலைஞர் கிராமம். சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த பணிக்கர், படித்து வெளியேறும் மாணவர்கள் வேலைக்காக ஓவியத்தை விட்டுவிடுவதைக் கண்டார். நாளின் ஒரு பகுதியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்பது, மிச்ச நேரத்தில் தங்கள் ஓவியத்தை யாருக்கும் வளைந்துகொடுக்காமல் வரைவது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வருமானத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கி, 1966இல் அந்தக் கிராமம் உருவானது. அன்று அந்த இடம் வெறும் மணல்காடு. அரசு மானியத்துக்குக் காத்திருந்திருந்தால் அது நடந்திருக்காது. விஸ்வநாதன் உட்பட, உருவத்தை விட்டு விலகிச் சென்ற எத்தனையோ பேருக்கு அந்த மணல்காடுதான் நிற்க இடம் கொடுத்தது.

நாகர்கோவிலில் பத்து ஏக்கர் வேண்டாம். வடசேரியிலோ கோட்டாற்றிலோ தக்கலையிலோ பழைய வீடொன்றின் ஒரே ஓர் அறை போதும். சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும். ஓதம் ஏறாமல் இருக்கவேண்டும், அல்லது ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று ஓடவேண்டும். டியூப்லைட் வேண்டாம்; நிறத்தைக் கெடுக்காத, நிறத் துல்லியம் உயர்ந்த எல்.இ.டி. விளக்குகள் இப்போது எட்டும் விலையில் கிடைக்கின்றன. ஓவியத்தின் நடுப்பகுதி நிற்பவரின் கண் மட்டத்துக்கு வரும்படி மாட்டவேண்டும், இரண்டு ஓவியங்களுக்கு நடுவில் தாராளமாக இடம் விடவேண்டும். விலையை எழுதி ஒட்டிவிடவேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே வாங்காமல் போகிறவர்கள் நம் ஊரில் அதிகம். பெரிய கேன்வாஸோடு கூடவே, பள்ளி ஆசிரியரோ வங்கி ஊழியரோ மாதச் சம்பளத்தில் வாங்கக்கூடிய அளவில் காகிதத்தில் செய்த சிறு ஓவியங்களும் இருக்கவேண்டும். வருடத்துக்கு இருபது பேரைச் சுழற்றிக் காட்டுவதைவிட, மூன்று நான்கு பேரைத் தேர்ந்து அவர்களையே சில ஆண்டுகள் தொடர்ந்து காட்டுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை கண்ணைப் பழக்கிக்கொள்ள, நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலேறினால் மதியத்துக்குள் பார்த்துவிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கர் பெயரிலேயே ஒரு கேலரி உண்டு. 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையின் ஓவியங்களை அங்கே நேரில் பார்க்கலாம். எழுத்துபோலத் தெரியும் ஆனால் படிக்க முடியாத கோடுகள், ஜாதகக் கட்டங்களை நினைவூட்டும் வடிவங்கள், அவற்றுக்குக் கீழே பரவிக்கிடக்கும் மஞ்சளும் பச்சையும். முதல் தடவை பத்தடி தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் ஓரங்களுக்குக் கிட்டே போங்கள். அதே வளாகத்தில் இருக்கும் ரவிவர்மாவை அதற்குப் பிறகு பார்த்தால், அவருடைய புடவைகளின் மடிப்புகளில் வண்ணம் என்ன செய்கிறது என்பதும் கண்ணில் படும்.